அலுமினியப் பம்பில் இரும்புக் குழாயை வெல்ட் பண்ணலாமா?

பரந்தன் பட்டறை:
வணக்கம் உறவுகளே. பரந்தன் பக்கம் சின்ன வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேற், யன்னல் கிறில், லாண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) பெட்டி, இவைதான் வழக்கமான வேலை. முரசுமோட்டையில் இருந்து ஒரு ஐயா இரண்டு அங்குலப் பெற்றோல் பம்ப் ஒன்றைக் கொண்டுவந்து தந்திருக்கிறார். தண்ணீர் தள்ளும் பக்கத்து அலுமினிய வாய், போல்ட் பிடிக்கும் காதோடு சேர்த்து உடைந்துபோயிற்று. "அதை வெட்டி எறிந்துவிட்டு ஜீஐ குழாயையே (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) நேரே பம்போடு வெல்ட் பண்ணிவிடு தம்பி" என்று நிற்கிறார். அலுமினியமும் இரும்பும் ஒட்டாது என்று சொன்னால் ஃபோனை எடுத்து வீடியோ காட்டுகிறார். அதில் ஒருவர் ஐந்து நிமிடத்தில் ஒட்டிவிட்டுச் சிரிக்கிறார்.

பழைய சிலிண்டர் ஹெட் துண்டு ஒன்றைப் பையனிடம் கொடுத்து, சாதாரண ஆர்க் வெல்டிங்கில் ஒரு குழாயைப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். இரும்பு சிவக்கும் முன்பே அலுமினியம் வழிந்து கீழே ஓடிவிட்டது. மிச்சம் குழாயின் விளிம்பில் முத்து முத்தாக உருண்டு நின்றது. ஆறியபின் சுத்தியலால் மெல்லத் தட்ட, முழுதாகக் கழன்று விழுந்தது. கழன்ற இடம் சாம்பல் நிறத்தில் மினுங்கியது.

இரண்டையும் ஒட்ட உண்மையிலேயே வழி இருக்கிறதா? இருந்தால் கிளிநொச்சியில் செய்யக்கூடிய வழியா?

துணுக்காய்த் தோழன்:
அரல்டைட் பசை பூசுங்கள் அண்ணை. ஒரு போகம் தாங்கும்.

அறிவியல்நகர் மாணவன்:
அண்ணா, பொறியியல் படிக்கிறேன். தட்டியதும் கழன்று விழுந்த காரணத்தை முதலில் சொல்கிறேன், பிறகு வழிகளைப் பார்க்கலாம்.

அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். உருக்கு (எஃகு) உருக 1500 பாகை அளவு வேண்டும். அதனால் இரண்டையும் ஒரே குளமாக உருக்க நினைத்தால் உருக்கு இளகும் முன் அலுமினியம் ஓடிவிடும். உங்கள் பையன் கண்டது அதைத்தான். இன்னொரு சிக்கல், அலுமினியத்தின் மேல் எப்போதும் இருக்கும் ஒட்சைட்டுத் தோல். அது உருக 2000 பாகைக்கு மேல் வேண்டும். உள்ளே உலோகம் தண்ணீராக இருக்கும், வெளியே தோல் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கும். முத்து முத்தாக உருண்டது அதனால்தான்.

ஆனால் உருகுநிலை வித்தியாசத்தை விடப் பெரிய தடை வேறு. உருகிய அலுமினியம் இரும்பைத் தொட்டவுடன் இரண்டும் சேர்ந்து புதிய சேர்வைகளை உண்டாக்கும். இரண்டு இரும்பு அணுவுக்கு ஐந்து அலுமினியம் என்ற கணக்கில் ஒன்று, ஒன்றுக்கு மூன்று என்ற கணக்கில் இன்னொன்று. இவை உலோகம் போல வளையாது, அப்பளம் மாதிரி நொறுங்கும். நீங்கள் கண்ட சாம்பல் மினுக்கம் பெரும்பாலும் அந்தப் படைதான். அது இல்லாமல் ஒட்டு இல்லை, தடித்தால் ஒட்டு நிற்காது. ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்குக்குள், அதாவது 10 மைக்ரோனுக்குள் அடக்கிவிட்டால் வேலைக்கு ஆகும் என்பதுதான் பொதுவான அளவுகோல். சூடு கூடக் கூட, நேரம் கூடக் கூட அந்தப் படை தடிக்கும்.

ஆகவே இரண்டையும் உருக்கக் கூடாது. அலுமினியம் மட்டும் உருகி, திடமாக இருக்கும் இரும்பின் மேல் படரவேண்டும். இல்லாவிட்டால் இரண்டுமே உருகாமல் ஒட்டவேண்டும்.

துணுக்காய்த் தோழன்:
அப்படியானால் வீடியோவில் ஐந்து நிமிடத்தில் ஒட்டுகிறவர் மந்திரவாதியா? காஸ் டோர்ச், ஒரு வெள்ளிக் கம்பி, அவ்வளவுதான்.

அறிவியல்நகர் மாணவன்:
மந்திரம் இல்லை. அந்தக் கம்பி பெரும்பாலும் நாகமும் (துத்தநாகம்) கொஞ்சம் அலுமினியமும் கலந்தது. நூற்றுக்கு 95 நாகம், 5 அலுமினியம் என்ற கலவை 382 பாகையிலேயே உருகிவிடும். அடியில் உள்ள அலுமினியம் உருகுவதே இல்லை. உருகிய கம்பிக்கு அடியில் ஸ்டெயின்லெஸ் தூரிகையால் சுரண்டி ஒட்சைட்டுத் தோலைக் கிழித்தால் பிடிக்கும். அலுமினியத்தோடு அலுமினியம் என்றால் நன்றாகவே பிடிக்கும். வெறும் இரும்பில் அது படராது. வீடியோவில் பிடித்திருந்தால், அந்த இரும்புக்கு முதலே நாகப் பூச்சு இருந்திருக்கும். ஜீஐ குழாயிலும் அது இருக்கிறது, உண்மை. அதற்காகப் பம்பில் செய்யலாம் என்று நான் சொல்லமாட்டேன். பம்ப் அதிரும், குழாயின் பாரம் தொங்கும், நாகக் கலவை சூட்டில் இளகும்.

குளிர்சாதனம் திருத்துநர்:
கிளிநொச்சி நகரில் குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறேன். நாங்கள் தினமும் முட்டி மோதுவது செம்பும் அலுமினியமும். உள்ளே இருக்கும் இவாப்பரேற்றர் (குளிரூட்டும் சுருள்) அலுமினியம், வெளியே வரும் குழாய் செம்பு. தொழிற்சாலையில் இரண்டையும் மின்சாரம் பாய்ச்சி நுனியோடு நுனி வைத்து ஒட்டி, மேலே கறுப்பு ரப்பர் உறை சுருக்கிவிடுவார்கள். அந்த உறை கிழிந்து ஈரம் ஏறினால், கொஞ்ச நாளில் உறைக்குள்ளேயே அலுமினியம் வெள்ளை மாவாகிக் காஸ் போய்விடும். "காஸ் இறங்கிப்போச்சு" என்று கொண்டுவரும் பெட்டிகளில் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது அந்தக் கறுப்பு உறையைத்தான்.

டோர்ச்சில் ஒட்ட வரும் பையன்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். செம்பு 1085 பாகை தாங்கும், அலுமினியம் 660 தாங்கும் என்று நம்பி நெருப்பைக் காட்டுவார்கள். இரண்டும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும்போது 548 பாகையிலேயே தொடுமிடம் உருகத் தொடங்கிவிடும். சாதாரண அலுமினிய பிறேசிங் கம்பி (குழாயை உருக்காமல், தான் மட்டும் உருகி ஒட்டும் கம்பி) உருகுவது 577 பாகையில். அதாவது கம்பி உருகும் முன் குழாய் உருகி ஓட்டை விழும். அதனால்தான் இந்த வேலைக்கு நாகக் கம்பி, அதுவும் உள்ளே பிளக்ஸ் (ஒட்சைட்டுத் தோலைப் போக்கும் மருந்து) வைத்தது.

புதிய பெட்டிகளில் ஆர் 600ஏ காஸ். அது எரியும் காஸ். அதைத் திறந்த இடத்தில் நெருப்பே காட்டாதீர்கள். லொக்ரிங் என்று ஒரு வளைய இணைப்பு இருக்கிறது. பசைத் திரவம் ஒரு துளி விட்டு, கைக்கருவியால் வளையத்தை அழுத்தினால் முடிந்தது. விலை கூடத்தான். ஆனால் திரும்பி வராத வேலை.

மல்லாவி மெக்கானிக்:
பிள்ளைகள் எல்லாம் "ஒட்டாது ஒட்டாது" என்கிறீர்கள். பட்டறையில் கிடக்கும் பழைய டீசல் பிஸ்டன் ஒன்றை எடுத்துக் கழுவிப் பாருங்கள். பல பிஸ்டன்களில் மேல் ரிங் உட்காரும் பள்ளத்தைச் சுற்றி வேறு நிறத்தில் ஒரு வளையம் தெரியும். அது நிக்கல் கலந்த வார்ப்பிரும்பு. சுற்றியிருப்பது முழுக்க அலுமினியம். உழவு இயந்திரத்தில் சேற்று உழவு முழுக்க அடி வாங்கியும் அது கழன்று வருவதில்லை.

எப்படிச் செய்கிறார்கள் என்றால், வார்ப்பிரும்பு வளையத்தைச் சுத்தமாக்கி, உருகிய அலுமினியத்தில் கொஞ்ச நேரம் முக்கி வைப்பார்கள். மேலே மெல்லியதாக அலுமினியம் பிடித்துக்கொள்ளும். அது ஆறும் முன் அச்சில் வைத்து மீதி அலுமினியத்தை ஊற்றிவிடுவார்கள். அல்ஃபின் முறை என்பார்கள். தம்பி சொன்ன அந்த நொறுங்கும் படை இங்கேயும் இருக்கும். ஆனால் மெல்லியதாக, சுற்றிவரச் சமமாக இருக்கும். கையால் டோர்ச் பிடிக்கும்போது ஒரு பக்கம் மெலிந்து மறுபக்கம் தடித்துவிடும்.

ஒன்று இடையில் சொல்லிவிடுகிறேன். ஒட்டும் முன் அலுமினியத்தை எரிசோடாவில் (சோடியம் ஐதரொட்சைட்டு) கழுவினால் தோல் போய்விடும் என்று பழைய ஆட்கள் செய்வார்கள். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஓடிய காலத்தில் எரிசோடா இந்தப் பக்கத்துப் பொருள்தானே. வேலை செய்யும், பொய்யில்லை. ஆனால் அது அலுமினியத்தையே தின்னும், வெளியே வருவது ஐதரசன் வாயு, கண்ணில் பட்டால் கண் போகும். கம்பித் தூரிகையே போதும். அதுவும் இரும்பில் தேய்த்த தூரிகையை அலுமினியத்தில் வைக்காதீர்கள். தனித் தூரிகை, ஸ்டெயின்லெஸ்.

பரந்தன் பட்டறை:
பிஸ்டனைத் தேடி எடுத்துப் பார்த்தேன் ஐயா. உண்மைதான், வளையம் தெரிகிறது. நகத்தால் தடவினால் சேருமிடத்தில் ஒரு கோடுகூடத் தட்டுப்படவில்லை. ஆனால் பம்பை உருகிய அலுமினியத்தில் முக்க என்னால் முடியாதே.

நோர்வே வன்னியான்:
ஊர் ஒட்டுசுட்டான், இப்போது நோர்வேயில் கப்பல் கட்டும் வேலையில் இருக்கிறேன். இங்கே அடிக்கூடு உருக்கு, மேல்மாடி அலுமினியம் என்று கட்டும் கப்பல்கள் உண்டு. மேலே பாரம் குறைந்தால் கப்பல் எளிதில் கவிழாது. அப்போது இரண்டையும் சேர்க்கத்தானே வேண்டும். நாங்கள் நேரே வெல்ட் பண்ணுவதில்லை. நடுவில் ஒரு பட்டி வரும். அதன் கீழ்ப்பக்கம் உருக்கு, மேல்பக்கம் அலுமினியம். உருக்குப் பக்கத்தை உருக்கோடு வெல்ட் பண்ணுவோம், அலுமினியப் பக்கத்தை அலுமினியத்தோடு. யாரும் யாரோடும் சண்டை பிடிக்கத் தேவையில்லை.

அந்தப் பட்டியைத் தொழிற்சாலையில் வெடி வைத்து ஒட்டுகிறார்கள். உருக்குத் தகட்டின் மேல் சின்ன இடைவெளி விட்டு அலுமினியத் தகட்டை வைத்து, அதன் மேல் வெடிமருந்தைப் பரப்பி ஒரு ஓரத்தில் கொளுத்துவார்கள். தகடு வந்து மோதும் வேகத்தில் ஒட்சைட்டுத் தோல் தெறித்து வெளியே போய்விடும், சுத்தமான உலோகம் சுத்தமான உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். வெட்டிப் பார்த்தால் சேரும் கோடு அலை அலையாக இருக்கும். அந்தப் பட்டியை வெல்ட் பண்ணும்போது சேருமிடம் 300 பாகைக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வோம். மேலே போனால் அதே நொறுங்கும் படை.

துணுக்காய்த் தோழன்:
அண்ணை, வன்னியில் வெடி வைத்து ஒட்டலாம் என்று எழுதாதீர்கள். எங்கள் ஊரில் வெடி பிரித்த கதைகள்தான் இருக்கின்றன.

மல்லாவி மெக்கானிக்:
பகிடிக்குச் சொன்னாலும் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். பழைய இரும்பு பொறுக்குகிறவர்கள் காட்டில், குளத்துப் பக்கத்தில் கிடந்த அலுமினியத் துண்டுகளைப் பட்டறைக்குக் கொண்டுவருவார்கள். எறிகணைகளின் முனைப் பகுதிகளில் அலுமினியம் உண்டு. வடிவம் தெரியாத, உருண்டையான, மரை போட்ட துண்டு எதுவாக இருந்தாலும் சூடு காட்டாதீர்கள், வெட்டாதீர்கள், தட்டாதீர்கள். கிடக்கும் இடத்திலேயே விட்டுவிட்டுக் கண்ணிவெடி அகற்றும் ஆட்களுக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். பழைய இரும்புக் காசு யாருக்கும் வேண்டாம்.

மாங்குளம் மின்கம்பி:
மின்சார வேலைக்காரன் நான். எங்கள் பக்கத்தில் செம்பும் அலுமினியமும் சேரும் இடம்தான் எரிந்துபோகும் இடம். வெளிக்கம்பி அலுமினியம், வீட்டு வயர் செம்பு. சிலர் இரண்டையும் முறுக்கி ரேப் சுற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். அலுமினியம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நகர்ந்து இளகும். இடையில் ஒட்சைட்டு வளரும். தடை கூடும், சூடு கூடும், சூடு கூடினால் இன்னும் இளகும். ஒரு நாள் கருகிய மணம் வந்தபிறகுதான் ஆட்களுக்குத் தெரியும்.

இதற்கென்று இரட்டை உலோக லக் (கம்பி நுனியில் மாட்டும் இணைப்பு முனை) விற்கிறார்கள். கம்பி நுழையும் குழல் பகுதி அலுமினியம், போல்ட் போடும் நாக்குப் பகுதி செம்பு. இரண்டையும் தொழிற்சாலையில் உராய்வு வெல்டிங்கில் சேர்த்திருப்பார்கள். ஒன்றை வேகமாகச் சுழற்றி மற்றதோடு அழுத்தினால் உராய்வுச் சூட்டில் அலுமினியம் களியாகும், உருகாது. ஒட்சைட்டுத் தோல் பிதுங்கி வெளியே வந்துவிடும். சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். லக்கைக் கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டு நிறமும் கத்தியால் கீறியது போல நேர்கோட்டில் சேர்ந்திருக்கும்.

வெளியே மாட்டும்போது அலுமினியம் மேலே, செம்பு கீழே இருக்கட்டும். செம்பின் மேல் ஓடி வந்த மழைத் தண்ணீர் அலுமினியத்தில் சொட்டினால் அரிக்கும். தூண் பக்க இணைப்பு மின்சாரம் வழங்குகிறவர்களின் வேலை. அதில் யாரும் கை வைக்காதீர்கள்.

அறிவியல்நகர் மாணவன்:
உராய்வு என்றதும் ஞாபகம் வருகிறது. 1991இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் உள்ள வெல்டிங் ஆய்வு நிலையத்தில் கண்டுபிடித்த உராய்வுக் கிளறல் வெல்டிங்கிலும் உலோகம் உருகாது. சுழலும் முளை ஒன்று தகடுகளுக்குள் இறங்கிக் கிளறிக்கொண்டே போகும். 2013 அக்கோர்ட் காரின் முன்பக்கச் சட்டத்தில் ஹொண்டா நிறுவனம் அலுமினியத்தையும் உருக்கையும் இந்த முறையில் சேர்த்தது. மற்றக் கார்களில் இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் பெரும்பாலும் ரிவெட்டும் பசையும்தான். ஆகவே துணுக்காய்த் தோழன் சொன்ன பசையைச் சிரித்துத் தள்ளத் தேவையில்லை. அரத்தால் சொரசொரப்பாக்கி, எண்ணெய் போகத் துடைத்து, சூடேறாத, பாரம் தொங்காத இடத்தில் போட்டால் பசையும் ஒரு இணைப்புத்தான். இந்தப் பம்பில் இரண்டு நிபந்தனையும் இல்லை.

முல்லைத்தீவு கரையோரம்:
கடற்கரையில் இருக்கும் எங்களுக்கு ஒட்டுவதைவிட ஒட்டியபிறகு என்ன நடக்கும் என்பதுதான் கவலை. படகு எஞ்சின் கூடு அலுமினியம், போல்ட் ஸ்டெயின்லெஸ். உப்புத் தண்ணீர் பட்டால் இரண்டுக்கும் நடுவே பற்றரி மாதிரி மின்னோட்டம் ஓடும், தேய்வது எப்போதும் அலுமினியம்தான். போல்ட் புதிதாக மினுங்கும், அதைச் சுற்றி வெள்ளை மா பூத்திருக்கும். பிறகு கழற்றப் போனால் போல்ட் முறியுமே தவிரக் கழராது.

நாங்கள் செய்வது: போல்டுக்கு நைலோன் வாசரும் உறையும், மரையில் கிறீஸ். எஞ்சினில் இருக்கும் நாகக் கட்டியைத் தேயத் தேய மாற்றுவது. அது தேய்வதற்கென்றே வைத்தது. சிலர் அழகுக்கு அதற்கும் பெயின்ற் அடித்துவிடுகிறார்கள். அடித்தால் அது வேலை செய்யாது.

ரிவெட் விஷயத்திலும் ஒன்று. பெரிய இரும்புத் தகட்டில் சின்ன அலுமினிய ரிவெட் அடித்தால் ரிவெட் சீக்கிரம் கரைந்துவிடும். பெரிய அலுமினியத் தகட்டில் சின்ன ஸ்டெயின்லெஸ் ரிவெட் என்றால் அரிப்பு தகடெங்கும் பரவிப்போவதால் கன காலம் நிற்கும். எது சின்னது என்பதைப் பார்த்து அடியுங்கள்.

மல்லாவி மெக்கானிக்:
சரி, பம்புக்கு வருவோம். பரந்தன் தம்பி, உங்கள் ஐயா கேட்பது இரும்பை அலுமினியத்தோடு ஒட்டுவதல்ல, தண்ணீர் ஒழுகாமல் குழாய் நிற்பது. நோர்வேத் தம்பி சொன்ன கப்பல் வழியையே சின்ன அளவில் செய்யுங்கள். உடைந்த வாயை நேராக வெட்டி, அந்த இடத்தில் தடித்த அலுமினியத் துண்டு ஒன்றை விளிம்பாக வையுங்கள். அலுமினியத்தோடு அலுமினியம். ஏசி (ஆடலோட்ட) மின்சாரத்தில் ஆர்கன் வெல்டிங் செய்கிறவரிடம் கொடுங்கள். ஏசி ஓட்டத்தின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பாதி ஒட்சைட்டுத் தோலை உடைக்கும், அதனால்தான் அலுமினியத்துக்கு ஏசி. வெல்டிங் கம்பி 4043 என்ற ரகம், அதில் 5 வீதம் சிலிக்கன். வார்ப்பு அலுமினியத்துக்கு அது பொருந்தும். இரும்புக் குழாய்க்கு நீங்களே இரும்பு விளிம்பு வெல்ட் பண்ணுங்கள், அது உங்கள் அன்றாட வேலை. இரண்டு விளிம்புக்கும் நடுவே ரப்பர் கேஸ்கட், நாலு போல்ட்.

வெல்டிங்குக்கு முன் பம்புக் கூட்டைக் கழற்றி 150 பாகை அளவுக்குச் சூடாக்குங்கள். பழைய வார்ப்பின் நுண்துளைகளில் எண்ணெய் இறங்கியிருக்கும், சூட்டில் புகைந்து வெளியே வரும். அது போகாமல் வெல்ட் பண்ணினால் ஓட்டை ஓட்டையாகக் கொதிக்கும். உள்ளே இருக்கும் சீலையும் ரப்பரையும் கழற்றிவைக்க மறக்கவேண்டாம்.

ஜீஐ குழாயை வெல்ட் பண்ணும்போது நுனியில் இருக்கும் நாகப் பூச்சை அரைத்து எடுத்துவிடுங்கள். நாகப் புகையை மூச்சில் இழுத்தால் இரவில் குளிர் காய்ச்சல் பிடிக்கும். பால் குடித்தால் சரி என்பது பட்டறைக் கதை. காற்றோட்டமான இடத்தில் நின்று செய்யுங்கள்.

பரந்தன் பட்டறை:
ஐயாவிடம் சொன்னேன். அவருக்கு இப்போது வேறு கவலை. "போல்ட் என்றால் வயலில் இரவோடிரவாகக் கழற்றிக்கொண்டு போய்விடுவான்களே" என்கிறார். வெல்ட் கேட்டதற்கே காரணம் அதுதானாம்!

குளிர்சாதனம் திருத்துநர்:
குழாயை வெல்ட் பண்ணினால் பம்பையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவான். கள்ளனுக்கு வேலை குறையும்.

மல்லாவி மெக்கானிக்:
நட்டை இரும்பு விளிம்புப் பக்கம் வைத்து, ஒவ்வொரு நட்டிலும் சின்னப் புள்ளி வெல்ட் வைக்கச் சொல்லுங்கள். இரும்போடு இரும்பு, ஒட்டும். கழற்றவேண்டி வந்தால் நீங்கள் கிறைண்டரால் புள்ளியை எடுத்துவிடலாம், வயலில் நிற்கிறவனிடம் கிறைண்டர் இருக்காது. ஆனால் ஒன்று, முதலில் போல்ட்டை இறுக்கி, பம்பை ஓடவிட்டு, ரப்பர் படிந்தபின் மறுபடி இறுக்கி, அதற்குப் பிறகுதான் புள்ளி.

அறிவியல்நகர் மாணவன்:
புள்ளி வைக்கும்போது வெல்டிங் மெசினின் எர்த் கிளிப்பை இரும்புக் குழாயில் மாட்டுங்கள் அண்ணா. பம்பு உடலில் மாட்டினால் ஓட்டம் எஞ்சின் வழியாகப் போய் பெயாரிங்கைக் கெடுக்கலாம்.

பரந்தன் பட்டறை:
வேலை முடிந்தது. ஆர்கன் வெல்டிங்கை கிளிநொச்சியில் ஒருவர் செய்து தந்தார். சூடாக்கும்போது பழைய எண்ணெய் இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை, கறுப்பாகக் கசிந்துகொண்டே இருந்தது, துடைத்துத் துடைத்துச் செய்தார். விளிம்பை அரத்தில் மட்டப்படுத்தி, 3 மி.மீ. ரப்பர் வைத்து, வாய்க்காலில் இறக்கி ஓட்டிப் பார்த்தோம். தள்ளும் பக்கம் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் தண்ணீர் விட்டுவிட்டு வந்தது. பார்த்தால் இழுக்கும் பக்கத்து ஹோஸின் கிளிப் தளர்ந்து காற்று இழுக்கிறது. அதை மாற்றியதும் குழாய் நிறையத் தண்ணீர்.

குழாயின் பாரம் விளிம்பில் தொங்காமல் இரண்டு கவைத்தடி நட்டுத் தாங்கக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். நட்டுக்குப் புள்ளி வைக்க அடுத்த கிழமை பம்பைத் திரும்பக் கொண்டுவருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.

துணுக்காய்த் தோழன்:
அதுவரைக்கும் இரவில் பம்பை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள் அண்ணை.